உஸ்தாதுக்குப் பெருநாள் அன்பளிப்பு: கைரவான் பள்ளிக்கூடங்கள் கூறும் வரலாறு

பெருநாள் நெருங்கும்போது நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியப் பெருமக்களுக்கு என்ன கொடுக்கலாம்? மக்தபில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கு வேட்டி, சட்டைத் துணி என்று முன்னோர் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. ஆனால் உயர்நிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியைக்கு என்ன செய்வது? ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய பிரியாணி போதுமா? சேலை எடுத்துக் கொடுக்கலாமா? கடைகளில் விற்கும் பரிசுச் சீட்டு வாங்கிக் கொடுப்பது தகுமா?

இந்தப் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒருவர் உண்டு. அதே வகுப்பில் அமர்ந்திருக்கும், எதையும் கொண்டுவர இயலாத வீட்டுப் பிள்ளைதான் அவர். அடுத்த இருக்கையிலிருந்து எழுந்து சென்ற தோழன் பளபளக்கும் தாளில் சுற்றிய பொதியை ஆசிரியரிடம் நீட்டுவதையும், ஆசிரியரின் முகம் மலர்வதையும் அப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதன் உள்ளத்தில் அப்போது என்ன ஓடும்?

இக்கேள்வி நம் காலத்தில் புதிதாக முளைத்ததன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மார்க்க அறிஞர்கள் இதை எடுத்துப் பேசியிருக்கிறார்கள். பெருநாள் அன்பளிப்பு என்று பெயர் சுட்டியே பேசியிருக்கிறார்கள். அவ்வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது இன்றைய நம் குழப்பத்துக்கும் வழிகாட்டும்.

மதீனாவில் ஒரு வில்

அன்பளிப்பை நம் மார்க்கம் வெறுக்கவில்லை, விரும்புகிறது. ஒருவருக்கொருவர் அன்பளிப்புச் செய்துகொள்ளுங்கள், அதனால் உங்களிடையே நேசம் வளரும் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழியை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் ‘அல்அதபுல் முஃப்ரத்’ நூலில் பதிவு செய்துள்ளார்கள். நபி (ஸல்) அவர்கள் அன்பளிப்பை ஏற்பார்கள், அதற்கு ஈடும் செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

ஆயினும் கொடுப்பவரும் பெறுபவரும் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதையும் நபி (ஸல்) அவர்கள் கவனித்தார்கள். உபாதா பின் ஸாமித் (ரலி) அவர்கள் திண்ணைத் தோழர்களான அஹ்லுஸ் ஸுஃப்ஃபாவில் சிலருக்கு எழுத்தும் குர்ஆனும் கற்பித்தார்கள். அவர்களுள் ஒருவர் நன்றியாக ஒரு வில்லைக் கொடுத்தார். இது பொருட்செல்வம் அன்று, அல்லாஹ்வின் பாதையில் பயன்படுத்தும் கருவிதானே என்று உபாதா (ரலி) எண்ணினார்கள். எனினும் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள விரும்பினார்கள். நெருப்பாலான வளையம் கழுத்தில் மாட்டப்படுவதை விரும்பினால் ஏற்றுக்கொள் என்னும் பொருளில் கடுமையான விடை வந்தது. அபூதாவூத், இப்னுமாஜா நூல்களில் இடம்பெறும் இச்செய்தியின் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதை ஏற்றவர்களும், இறைவனுக்காக என்று தொடங்கிய பணியின் நோக்கம் இடையில் மாறிவிடக் கூடாது என்பதே இதன் கருத்து என விளக்கினார்கள்.

மறுபுறம், குர்ஆன் வசனம் ஓதி நோயாளிக்கு மந்திரித்துவிட்டு ஆடுகளைக் கூலியாகப் பெற்ற தோழர்களை நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. நீங்கள் கூலி பெறுவதற்கு மிகத் தகுதியானது அல்லாஹ்வின் வேதமே என்னும் கருத்தில் அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துத்தான் பிற்கால அறிஞர்கள் ஆசிரியர் ஊதியம் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்தார்கள்.

மூன்றாவது ஒரு நிகழ்ச்சியும் உண்டு. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள இச்செய்தி, பொறுப்பில் இருப்பவருக்கு வரும் அன்பளிப்பை அளந்து பார்க்கும் கோலாக விளங்கியது. உமய்யா கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், நபிகளார் காலத்தில் அன்பளிப்பாக இருந்தது இன்று இலஞ்சமாகிவிட்டது என்னும் கருத்தைச் சொல்லித் தமக்கு வந்ததை மறுத்ததும் இதே வழியில்தான்.

ஆசிரியர் எந்த வகையைச் சேர்ந்தவர்? நேசத்துக்குரிய நண்பரா, பொறுப்பில் அமர்த்தப்பட்ட அதிகாரியா? அவர் இரண்டுமாக இருப்பதே சிக்கல்.

ஊதியமும் நன்றியும்

மதீனாவில் சிறுவர்களுக்குக் கற்பித்த மூவருக்கு உமர் பின் கத்தாப் (ரலி) அவர்கள் மாதந்தோறும் ஆளுக்கு 15 திர்ஹம் வழங்கி வந்ததாக ஓர் அறிவிப்பு இருக்கிறது. ஆசிரியர் பிள்ளைகளின் வீட்டு வாசலை எதிர்பார்த்து நிற்க வேண்டாத நிலையை உண்டாக்கும் முயற்சி அது எனக் கொள்ளலாம்.

பின்னர் சட்ட மரபுகள் உருவாயின. தொடக்ககால ஹனஃபீ அறிஞர்கள், குர்ஆன் கற்பிக்க ஒப்பந்தக் கூலி பேசுவதை அனுமதிக்கவில்லை. அது வழிபாடு, வழிபாட்டுக்கு விலை பேசலாகாது என்பது அவர்களின் வாதம். கல்வி அழிந்துவிடும் என்று கண்ட பிற்கால ஹனஃபீகள் அதை அனுமதித்தார்கள். ஆனால் அம்மரபின் தலைவரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்க்கைச் செய்தி ஒன்று நம் கருத்தைக் கவர்கிறது. அவர்களின் மகன் ஹம்மாத், ஸூரத்துல் ஃபாத்திஹாவை ஓதக் கற்றபோது, இமாமவர்கள் ஆசிரியருக்கு 500 திர்ஹம் வழங்கியதாக அவர்களின் வரலாற்றில் கூறப்படுகிறது. கூலியாகப் பேசக் கூடாது என்றவர்களின் மரபிலேயே, நன்றியாகக் கொடுக்கும் கரம் இவ்வளவு விரிந்திருந்தது.

எனவே கொடுக்கலாமா கூடாதா என்பதில் நம் முன்னோருக்குப் பெரிய ஐயம் இருக்கவில்லை. எப்படி, எப்போது, எந்த மனநிலையில் என்பதே கேள்வி. அதற்கு விரிவான விடை வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது.

கைரவானின் சிறுவர் பள்ளிகள்

இன்றைய துனீசியாவில் உள்ள கைரவான் நகரை ஹிஜ்ரி 50இல் (கி.பி. 670) உக்பா பின் நாஃபிஉ (ரஹ்) அவர்கள் நிறுவினார்கள். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அது மாலிகீ மரபின் பெருங்கோட்டையாயிற்று. ‘அல்முதவ்வனா’ என்னும் சட்டப் பெருநூலைத் தந்த இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்கள் (இறப்பு ஹிஜ்ரி 240, கி.பி. 854) வாழ்ந்த ஊர் அதுவே. நகரின் தெருக்களில் ‘குத்தாப்’ எனப்படும் சிறுவர் பள்ளிகள் இருந்தன. வாடகைக்கு எடுத்த கடை அறை ஒன்றில் ஓர் ஆசிரியர் அமர்ந்திருப்பார். பிள்ளைகள் மரப்பலகையில் மை தொட்டு வசனங்களை எழுதி, மனனமான பின் கழுவி, மீண்டும் எழுதுவார்கள். நம் ஊர்களில் பலகையில் எழுதி ஓதிய மூத்த தலைமுறையினருக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

இமாம் ஸஹ்னூன் தம் மகன் முஹம்மதை அத்தகைய ஓர் ஆசிரியரிடம் சேர்த்தபோது, இவனைப் பாராட்டாலும் மென்சொல்லாலும் திருத்துங்கள், அடியாலும் கடுமையாலும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகக் குறிப்பு உண்டு. அந்த மகன் வளர்ந்து இப்னு ஸஹ்னூன் (ஹிஜ்ரி 202–256, கி.பி. 817–870) எனப் புகழ்பெற்றார். ஆசிரியர்களுக்கென்றே அவர் ஒரு சிறுநூல் எழுதினார். ‘ஆதாபுல் முஅல்லிமீன்’, அதாவது ஆசிரியர்களின் ஒழுக்க நெறிகள் என்பது அதன் பெயர். இஸ்லாமியக் கல்வி வரலாற்றில் ஆசிரியர் பணியைத் தனிப்பொருளாக எடுத்து எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களில் அது முதன்மையானது. தந்தையிடம் மகன் கேட்ட கேள்விகளும் அவர் தந்த விடைகளுமாகப் பெரும்பகுதி அமைந்திருப்பதால், அக்காலத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் எவற்றுக்காக வழக்காடினார்கள் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

அந்நூல் ஆசிரியருக்கு வரும் பொருளை வெவ்வேறாகப் பிரித்துப் பார்க்கிறது.

முதலாவது, பேசிய ஊதியம். அது ஆசிரியரின் உரிமை. அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, குர்ஆனை ஓதி முடித்தபோது வழங்கும் கொடை. நாம் ‘தமாம்’ என்று அழைக்கும் நிறைவின்போது தரப்படும் கொடைக்கு நிகரானது. ஊர் வழக்கத்தால் நிலைபெற்ற இதையும் ஆசிரியர் கோரலாம் என்று இமாம் ஸஹ்னூன் கருதினார்கள். ஆனால் அதற்கு ஒரே விலை இல்லை. தந்தையின் வசதிக்கும் வறுமைக்கும் ஏற்ப அது அமையும்.

மூன்றாவதுதான் பெருநாள் அன்பளிப்பு. இதைக் கொடுக்குமாறு தீர்ப்பளிக்கலாமா என்று மகன் வினவுகிறார். இல்லை என்கிறார் தந்தை. பெற்றோர் தாமாக மனமுவந்து கொடுத்தால் கொடுக்கட்டும், மற்றபடி அப்படி ஒரு கடமையைத் தாம் அறியவில்லை என்பது அவர் விடையின் சாரம்.

இதற்கு அடுத்த படியில் நூல் இன்னும் நுணுக்கமாகச் செல்கிறது. பேசிய ஊதியத்துக்கு மேல் அன்பளிப்பு உள்ளிட்ட எதையும் கொண்டுவருமாறு பிள்ளைகள்மீது சுமத்த ஆசிரியருக்கு அனுமதி இல்லை. அவ்வாறு சுமத்திப் பெற்றால் அது ஹராம். கேட்காமலேயே அவர்கள் கொடுத்தால் குற்றமில்லை. நயமாகவும் நாகரிகமாகவும் குறிப்புணர்த்தினால் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் கொண்டுவராத பிள்ளையை அதற்காக அடிக்கவோ மிரட்டவோ கூடாது. இவற்றோடு ஒரு வழியையும் அவர்கள் அடைக்கிறார்கள். அன்பளிப்பு வந்ததும் மகிழ்ந்து, இன்று பாடம் இல்லை, போய் விளையாடுங்கள் என்று பிள்ளைகளை விட்டுவிடுவதும் ஆகாது. விடுப்புக் கிடைக்கும் என்ற ஆசையே அன்பளிப்பைத் தூண்டிவிடும் என்பது காரணம். பொருள் கொடுப்பது தந்தை. பாடத்தை இழப்பது பிள்ளை. இந்த முரணை அவர்கள் கூர்மையாகக் கண்டிருக்கிறார்கள்.

பெருநாள் விடுமுறைக்கும் அளவு கூறப்பட்டது. ஈதுல் ஃபித்ருக்கு ஒரு நாள், மூன்று நாள்வரை விட்டாலும் தவறில்லை. ஈதுல் அள்ஹாவுக்கு மூன்று நாள், ஐந்துவரை விடலாம். பள்ளி நடத்தும் கடையின் வாடகை ஆசிரியரைச் சேர்ந்தது. பிரம்பைக்கூட அவரே தம் காசில் வாங்க வேண்டும், பிள்ளைகளிடம் வசூலிக்கலாகாது என்ற அளவுக்குக் கணக்குப் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் அடிப்படையாக நூலில் மற்றொரு பகுதி உள்ளது. அது பிள்ளைகளிடையே சமநீதி பற்றியது. ஏழையைச் செல்வனோடும் செல்வனை ஏழையோடும் சமமாக வைத்துக் கற்பிக்காத ஆசிரியர் மறுமையில் மோசடிக்காரர்களுடன் எழுப்பப்படுவார் என்னும் கருத்தில் ஓர் அறிவிப்பை இப்னு ஸஹ்னூன் எடுத்தாள்கிறார். அதன் தொடரை ஹதீஸ் கலை அறிஞர்கள் வலுவானதாக ஏற்பதில்லை. ஆயினும் கைரவானின் அறிஞர்கள் எந்த அச்சத்தோடு ஆசிரியப் பணியை நோக்கினார்கள் என்பதற்கு அது சான்று. அன்பளிப்பு பற்றிய விதிகளையும் சமநீதி பற்றிய இப்பகுதியையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் பொருள் விளங்குகிறது. அவர்கள் காக்க முனைந்தது தந்தையின் பணப்பையை மட்டுமன்று. வெறுங்கையோடு வந்த பிள்ளையின் இடத்தையும்தான்.

திருமண வீட்டு வாசலில்

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே நகரில் அபுல் ஹசன் அல்காபிஸீ (ரஹ்) அவர்கள் (இறப்பு ஹிஜ்ரி 403, கி.பி. 1012) இப்பொருளை மீண்டும் விரிவாக எழுதினார்கள். கண்பார்வையற்ற அப்பெருமகனார் ஆசிரியரின் ஊதியத்தை வலுவாக ஆதரித்தார்கள். இலவசமாகக் கற்பிக்க முன்வருவோரை மட்டும் நம்பியிருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் கல்லாமலே போய்விடுவார்கள் என்பது அவர்களின் நடைமுறை வாதம்.

அவர்கள் கண்டித்த ஒரு வழக்கம் சுவையானது. ஊரில் ஒருவர் வீட்டில் திருமணம் நடந்தாலோ குழந்தை பிறந்தாலோ, சில ஆசிரியர்கள் தம் மாணவர்களை அங்கே அனுப்புவார்களாம். பிள்ளைகள் வாசலில் நின்று உஸ்தாதின் பெயரால் உரக்கக் குரல் எழுப்புவார்கள். வீட்டார் உணவோ வேறு பொருளோ கொடுத்து அனுப்புவார்கள். அதைக் கொண்டுவந்து கொடுத்தால் அரைநாளோ கால்நாளோ விடுப்பு. வீட்டார் மனமொப்பிக் கொடுத்தாலன்றி அது ஆகுமானதன்று என்று காபிஸீ எழுதினார்கள். வாசலில் பத்துப் பிள்ளைகள் கூச்சலிடும்போது கொடுக்கும் மனம், உவந்த மனமா நெருக்கப்பட்ட மனமா என்று யாரால் சொல்ல முடியும்?

பண்டிகை அன்பளிப்பு பற்றிய அவர்களின் குறிப்பும் அக்காலச் சமூகத்தைக் காட்டுகிறது. இரு பெருநாள்களில் ஆசிரியருக்குக் கொடுப்பது விரும்பத்தக்க நற்செயல், ஆனால் கட்டாயமன்று. நைரூஸ், மிஹ்ரஜான் போன்ற பாரசீகப் பண்டிகைகளிலும் கிறித்தவர்களின் பண்டிகைகளிலும் அவற்றின் பெயரால் கொடுப்பதை அவர்கள் ஏற்கவில்லை. இவ்வளவு பண்டிகைகளின் பெயரை எடுத்துப் பேச வேண்டியிருந்தது என்றால், பல சமயத்தாரும் கலந்து வாழ்ந்த அந்நகரங்களில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பண்டிகையைச் சாக்காக்கி ஆசிரியரின் வீட்டுக்குத் தட்டு போய்க்கொண்டிருந்தது என்றே ஊகிக்க வேண்டியுள்ளது.

வண்ணத் தாளில் ‘ஈதீ’

கைரவானிலிருந்து நம் பக்கம் திரும்புவோம். தக்காணத்து முஸ்லிம்களின் பழக்கவழக்கங்களை ஏலூர்ப் பகுதியைச் சேர்ந்த ஜாஃபர் ஷரீஃப் என்பவர் தொகுத்து எழுதினார். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஹெர்க்லாட்ஸ் அதை ஆங்கிலப்படுத்தி 1832இல் ‘கானூனே இஸ்லாம்’ என்ற பெயரில் இலண்டனில் வெளியிட்டார். அதில் ‘ஈதீ’ என்ற வழக்கம் விவரிக்கப்படுகிறது.

பண்டிகை வரும்போது ஆசிரியர் வண்ணத் தாளிலோ பொன்துகள் தூவிய தாளிலோ அப்பண்டிகையைப் பற்றிய ஒரு செய்யுளை அல்லது பிள்ளைக்கான வாழ்த்தை அழகிய எழுத்தில் எழுதுவார். பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று பெற்றோரிடம் படித்துக் காட்டும். மகிழ்ந்த பெற்றோர் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ ஆசிரியருக்கு அனுப்புவார்கள். இங்கே முதலில் கொடுப்பவர் ஆசிரியர். அதுவும் தம் கையெழுத்தையும் வாழ்த்தையும் கொடுக்கிறார். பிள்ளையின் வாசிப்புத் திறமையும் பெற்றோருக்குத் தெரிந்துவிடுகிறது. எனினும் அது ஓர் இனிய நினைவூட்டல்தான் என்பதில் ஐயமில்லை. நயமாகக் குறிப்புணர்த்தலாம், கொடுக்காவிட்டால் தண்டிக்கலாகாது என்று இப்னு ஸஹ்னூன் வகுத்த எல்லைக்குள் அடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அக்காலத்து ஆசிரியரின் வறுமையையும் நாம் மறந்துவிடக் கூடாது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். 1826 மார்ச் 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் நவராத்திரிக் காலத்தில் மாணவர்கள் கோலாட்டக் கழிகளுடன் வீடு வீடாகச் சென்று பாடி, கிடைத்த காசையும் துணியையும் உபாத்தியாயருக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. சமயம் வேறு, நிலம் வேறு. ஆனால் கைரவானில் திருமண வீட்டு வாசலில் நின்ற பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் காரணம் ஒன்றே. ஊதியம் போதாத இடத்தில் ஆசிரியரின் அடுப்பு பண்டிகைகளை நம்பி எரிந்தது.

நம் ஊர் மக்தபுகளின் நிலையும் அதுவாகவே இருந்தது. பிள்ளையை ஓத வைக்கும் நாளில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் சர்க்கரையும் காணிக்கையும், யாஸீன் முடித்தால் ஒரு தொகை, குர்ஆன் தமாமானால் புத்தாடையும் பணமும் எனப் படிப்படியாக அமைந்த முறை பல ஊர்களில் நிலவியது. வீட்டுக்குள்ளேயே பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த பெண்மணிகளுக்கும் பெருநாளில் அரிசியும் துணியும் போயின. அவர்களுக்கு வேறு ஊதியம் இல்லாத காலத்தில் அது தருமமன்று, கடமைக்கு நெருங்கிய நன்றி. இன்றும் பல ஊர்களில் மக்தப் உஸ்தாதுகளின் சம்பளம் ஒரு குடும்பம் நடத்தப் போதுமானதாக இல்லை. பெருநாளில் அவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கும் நாம், ஆண்டின் பன்னிரண்டு மாதமும் அவர்களுக்குத் தகுதியான சம்பளம் கிடைக்கிறதா என்று ஜமாஅத்தில் கேட்பதும் அந்த அன்பளிப்பின் ஒரு பகுதியாக வேண்டும்.

மதிப்பெண் இடும் கரம்

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியரின் நிலை இதிலிருந்து மாறுபட்டது. அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. கூடவே ஓர் அதிகாரமும் உண்டு. தமிழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 10 மதிப்பெண் அக மதிப்பீட்டுக்கு உரியது. அதைப் பள்ளியே வழங்குகிறது. செய்முறைத் தேர்வு உள்ள பாடங்களில் 20 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. மேற்படிப்பில் ஒரு மதிப்பெண் ஓரிடத்தை முடிவு செய்யும் காலத்தில் இவை சிறிய எண்கள் அல்ல. இப்னுல் லுத்பிய்யாவிடம் கேட்கப்பட்ட கேள்வி இங்கே நினைவுக்கு வர வேண்டும். இந்த ஆசிரியை நம் மகளின் வகுப்புக்குப் பாடம் எடுக்காமல் இருந்திருந்தால் இந்தச் சேலை அவர் வீட்டுக்குப் போயிருக்குமா?

அரசுகளும் இதைச் சிந்தித்துள்ளன. நம் நாட்டில் அரசு ஊழியர் நடத்தை விதிகள் அன்பளிப்புப் பெறுவதற்கு வரம்பு விதிக்கின்றன. தென்கொரியா இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஆசிரியர்களுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் பழக்கம் அங்கே நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. 2016 செப்டம்பர் 28 அன்று நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டம் ஆசிரியர்களையும் உள்ளடக்கியது. மே 15 ஆசிரியர் தினத்தில் ஒரு மாணவர் தனியாக ஒரு கார்னேஷன் மலரைக் கொடுப்பதும் ஆகாது, மாணவர்களின் பிரதிநிதி அனைவர் முன்னிலையிலும் கொடுக்கலாம் என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது. ஒரு பூவுக்குமா தடை என்று அங்கேயே பலர் வருந்தினார்கள். ஆனால் தனியாகக் கொடுப்பதற்கும் அனைவர் சார்பாகவும் வெளிப்படையாகக் கொடுப்பதற்கும் இடையே அச்சட்டம் கண்ட வேறுபாடு கவனிக்கத்தக்கது. முதலாவதில் கொடுத்த பிள்ளையின் பெயர் இருக்கிறது. இரண்டாவதில் கொடுக்க இயலாத பிள்ளையும் கொடுத்தவர்களுள் ஒருவராகிவிடுகிறது.

நம் வீட்டில் பின்பற்றத்தக்கவை

இந்த வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். கேட்டுக் கொடுக்கிறோமா, கேளாமல் கொடுக்கிறோமா? கொடுப்பதால் நம் பிள்ளைக்குத் தனிச் சலுகை எதையேனும் உள்ளூர எதிர்பார்க்கிறோமா? கொடுக்க இயலாத பிள்ளை இதனால் தாழ்வாக உணருமா? மூன்றுக்கும் விடை தூய்மையாக இருக்குமானால், அன்பளிப்பு ஸுன்னத்தான நேசமாகவே நிற்கும்.

நடைமுறையில் சில வழிகள் எளியவை. மதிப்பெண்கள் வழங்கி, தேர்வுகள் முடிந்து, ஆண்டு நிறைவுறும் நேரத்தில் கொடுப்பது ஐயத்தை நீக்கும். விலையுயர்ந்த பொருளைத் தனியே கொடுப்பதைவிட வகுப்புப் பெற்றோர் பலர் சேர்ந்து, யார் எவ்வளவு கொடுத்தார் என்று குறிக்காமல், ஒரே பொருளாகக் கொடுப்பது மேல். பள்ளி நூலகத்துக்கு ஆசிரியரின் பெயரால் சில நூல்கள் வாங்கிக் கொடுத்தால், வெறுங்கையோடு வந்த பிள்ளையும் அவற்றைப் படிக்கும். பெருநாளன்று உணவு அனுப்புவதாயின் ஒருவருக்கு மட்டும் அனுப்பாமல் ஆசிரியர் அறைக்கே அனுப்பலாம். காவலரும் துப்புரவுப் பணியாளரும் அதில் பங்கு பெறட்டும்.

நம் பிள்ளைகளின் ஆசிரியர்களில் பலர் வேற்றுச் சமயத்தவர். நம் பெருநாள் மகிழ்ச்சியில் அவர்களுக்குப் பங்களிப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது யூத அண்டை வீட்டாருக்கு அனுப்பினீர்களா என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் கேட்டதைத் திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் காண்கிறோம். உமர் (ரலி) அவர்கள் மக்காவில் இருந்த, இஸ்லாத்தை ஏற்காத தம் சகோதரருக்கு ஆடை அனுப்பியதும் ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது.

தக்காணத்து ‘ஈதீ’யைத் திருப்பி எழுதும் வழியும் உண்டு. அன்று ஆசிரியர் பிள்ளைக்கு எழுதினார். இன்று பிள்ளை ஆசிரியருக்கு எழுதட்டும். எந்தப் பாடம் புரியாமல் இருந்து எந்த நாளில் புரிந்தது, எந்தச் சொல் மனத்தில் நின்றது என்று தன் கையெழுத்தில், தன் மொழியில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு தாளின் விலை ஒன்றே.

மக்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்னும் கருத்தை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். உதவி செய்தவருக்கு ஈடு செய்யுமாறும், இயலாவிட்டால் ஈடு செய்துவிட்டோம் என்று மனம் நிறையும் அளவுக்கு அவருக்காக துஆச் செய்யுமாறும் வழிகாட்டினார்கள். ஆகவே எதுவும் வாங்கித் தர இயலாத குடும்பமும் இந்தப் பெருநாளில் தன் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்குக் கொடுப்பதற்கு ஒன்று வைத்திருக்கிறது. பெருநாள் தொழுகைக்குப் பின் பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்தி, ஓதிக்கொடுத்த உஸ்தாது முதல் பாடம் கற்பித்த ஒவ்வோர் ஆசிரியரையும் பெயர் சொல்லி நினைந்து, அவர்களுடைய நலத்துக்கும் நேர்வழிக்கும் இறைஞ்சுவோம்.

நமக்கு எழுத்தறிவித்தோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. நம் கொடையில் முகத்துதியும் எதிர்பார்ப்பும் கலந்துவிடாமல் காப்பானாக. ஆமீன்.